பதினைந்து நாளுக்குப் பிறகு

முதல் அறிகுறி எனக்கு ஒரு வெட்கக்கேடாகத்தான் வந்தது. நோன்பு மாதத்தின் நடுப்பகுதி. கண்டிக்குப் பக்கத்தில் அக்குறணையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் அயல் பெண்களெல்லாம் கூடி அஸர் (பிற்பகல்) தொழுகைக்கு நின்றிருந்தோம். தொழுவிப்பவள் நான். பெண்களுக்குத் தொழுவிக்கும் பெண் தனியாக முன்னால் நிற்பதில்லை, முதல் வரிசையின் நடுவிலேயே நிற்பாள். என் வலப்பக்கம் ஃபரீதா ராத்தா, என் மூத்த சகோதரி. நெற்றியை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பும்போது அடிவயிற்றிலிருந்து சூடாக ஏதோ இறங்கியது. தொழுகையை இடையில் விட்டு நான் விலகினேன். விரிப்பில் இருந்த கறையைப் பின்வரிசையில் நின்ற என் மாணவிகள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அது நடந்திருக்கக் கூடாது. ஏனென்றால் நான் குளிசை (மாத்திரை) போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாட்களில் நாங்கள் தொழுவதுமில்லை, நோன்பு பிடிப்பதுமில்லை. "எனக்குத் தொழுகை இல்லை" என்று ஒரு பெண் சொன்னால் மற்றப் பெண்களுக்கு விஷயம் விளங்கிவிடும், மேலே ஒரு கேள்வி வராது. விட்ட தொழுகைக்குக் கணக்கில்லை. விட்ட நோன்பை மட்டும் பிறகு தனியாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிடும் ஒரு நாளில் தனியாகப் பசித்திருப்பது லேசான காரியமில்லை. அதனால் எங்களில் பலர் நோன்பு மாதத்தில் மாதவிடாயைத் தள்ளிப்போடக் குளிசை போடுவோம். மருந்துக் கடைப் பாமசிக்காரர் ஒன்றும் கேட்காமல் கடதாசியில் சுற்றித் தருவார். நானும் நாற்பது வயதிலிருந்து வருடா வருடம் போட்டேன். முப்பது நோன்பும் முழுசாகப் பிடித்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

அந்த வருடம் எனக்கு நாற்பத்தொன்பது. குளிசை தன் வேலையைச் செய்யவில்லை. வயது போகிறது, உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பெருநாளும் முடிந்தது. இரத்தம் நிற்கவில்லை.

சில நாள் வெறும் கறை. சில நாள் கட்டி கட்டியாக. ஒரு கிழமை (வாரம்) ஓய்ந்திருக்கும், அப்பாடா என்று மூச்சு விடும்போது மறுபடி தொடங்கும். இதை வாசிக்கும் பெண்களில் இந்த இடத்தைத் தாண்டி வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வெந்தயம் என்பார்கள், கற்றாழை என்பார்கள், நிற்கப் போகும் காலத்தில் அப்படித்தான் என்பார்கள். நான் யாருடைய பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நானே சொல்லித் தருகிறவள்.

பின்னேரங்களில் பெண் பிள்ளைகளுக்கு மார்க்கச் சட்டம் படிப்பித்து வந்தேன். அதில் ஒரு பாடம் பெண்களின் உதிரம் பற்றியது. மாதவிடாய் அதிகமாகப் போனால் பதினைந்து நாள். அதற்கு மேல் வருவது மாதவிடாய் இல்லை, அது நோயினால் வரும் உதிரம். அது தொழுகையைத் தடுக்காது. கழுவி, துணி மாற்றி, ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக வுழூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்து தொழ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். ஒரு பிள்ளை தடுமாறினால் அடுத்த பிள்ளையை எழுப்பிக் கேட்பேன்.

ஆகவே பதினைந்து நாள் கடந்ததும் நான் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். கழுவினேன், துணி மாற்றினேன், வுழூ செய்தேன், தொழுதேன். ஒரு வேளை தவறவில்லை. மாதக்கணக்கில் இப்படிப் போனது. செய்ய வேண்டிய காரியம் ஒன்று கையில் இருந்தால் மனம் அமைதியாக இருக்கும். சட்டம் ஒன்றைச் சொன்னது, நான் கீழ்ப்படிந்தேன், கணக்கு முடிந்தது. அந்தச் சட்டம் பாடத்தின் முதல் வரியிலேயே நோய் என்று சொல்லியிருந்தது. அந்த வரியை வருடக்கணக்கில் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்தவள் நான்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இரத்தம் அல்ல, படிக்கட்டு. மேல்மாடிக்கு ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் நிஸ்தார் கடையிலிருந்து வந்து முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்ததாம். உடனே வாகனத்தைக் கூப்பிட்டார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசலில் நின்றபோது, இன்றைக்கு அஸர் தவறிவிடுமோ என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் வைத்தியர். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் உட்சுவர் தடித்திருந்தது. திசுப் பரிசோதனைக்கு (உட்சுவரிலிருந்து சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) எழுதினார்கள். எல்லாம் எழுதி முடித்த பிறகு அவர் நிமிர்ந்து கேட்டார்.

"ஏன் அம்மா, இவ்வளவு நாளும் வரேல்லை?"

"பதினஞ்சு நாளுக்கு மேல போனா தொழலாம் டொக்டர். நான் தொழுதுகொண்டுதான் ஈந்த."

அவருக்கு விளங்கவில்லை. நான் பாடத்தை விளக்கினேன், பிள்ளைகளுக்கு விளக்குவது போலவே. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப பதினைஞ்சு நாளுக்குப் பிறகு வாறது வருத்தம், நோய் எண்டு உங்கட சட்டமே சொல்லுது."

"ஓ."

"வருத்தக்காரர் தொழலாம் எண்டும் சொல்லுது."

"ஓ."

"வருத்தத்துக்கு மருந்து எடுக்க வேண்டாம் எண்டு எங்கையாவது சொல்லுதோ?"

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் கூடுதலாக வலித்தது.

முடிவு வந்தபோது நிஸ்தாரையும் உள்ளே அழைத்தார்கள். கருப்பை உட்சுவரில் புற்றுநோய். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுவே முதல் தடவை. எனக்குப் பயத்தோடு கூச்சமும் வந்தது. எவ்வளவு அற்பமான மனம் பாருங்கள்.

நான் வைத்தியரிடம் கேட்டது குளிசையைப் பற்றித்தான். வருடா வருடம் போட்ட அந்தக் குளிசையால் வந்ததா இது? மார்க்கத்துக்காகச் செய்தது என்னைக் கொன்றுவிட்டதா? வாய்விட்டு இப்படிக் கேட்கவில்லை. ஆனால் கேள்வியின் அடியில் அதுதான் இருந்தது.

அவர் ஒரு கடதாசியில் படம் போட்டுக் காட்டினார். எனக்கு விளங்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். கருப்பையின் உட்சுவரை இரண்டு ஹோர்மோன்கள் (உடம்பின் சுரப்பிகள் இரத்தத்தில் விடும் பொருட்கள்) ஆள்கின்றன. ஈஸ்ட்ரஜன் அதை வளர்க்கும். புரொஜெஸ்ரரோன் வளர்ச்சியைப் போதும் என்று நிறுத்தும். மாதவிடாய் நிற்கப் போகும் வருடங்களில் முட்டை ஒழுங்காக வெளிவருவதில்லை. முட்டை வராத மாதத்தில் புரொஜெஸ்ரரோன் சுரப்பதில்லை. வளர்க்கிறவர் வேலையில் இருக்கிறார், நிறுத்துகிறவர் வரவில்லை. சுவர் தடிக்கிறது. தடித்த இடத்தில் சில வேளை கலங்கள் (செல்கள்) கெட்டுப்போகின்றன.

நான் போட்ட குளிசை புரொஜெஸ்ரரோனைப் போன்றது. அது என்னைக் கெடுக்கவில்லை என்றார். போட்ட மாதங்களில் அது உட்சுவரை அடக்கி வைத்து என்னைக் காத்தும் இருக்கலாம். அதே நேரம், தெரிய வேண்டிய இரத்தத்தை மறைத்தும் இருக்கலாம். இரண்டில் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

"அப்ப ஏன் இந்த வருசம் நிக்கல்ல?"

அப்போதுதான் ஏற்பிகள் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டேன். ஏற்பி என்பது கலத்துக்குள் இருக்கும் ஒரு புரதம். ஹோர்மோன் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு, கலம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் செய்விப்பது அதுதான். ஏற்பி இல்லாத கலத்துக்கு ஹோர்மோன் எவ்வளவு வந்தாலும் ஒன்றுதான். என் சதைத் துண்டுக்குச் சாயமிட்டுப் பார்த்திருந்தார்கள். ஈஸ்ட்ரஜன் ஏற்பிகள் இருந்தன. புரொஜெஸ்ரரோன் ஏற்பிகள் பெரும்பாலும் இல்லை. வளரச் சொல்வது கேட்கிறது, நிற்கச் சொல்வது கேட்கவில்லை.

குளிசையாலேயே குணப்படுத்த ஏலாதா என்று நிஸ்தார் கேட்டார். சிலருக்கு ஏலும், ஏற்பி இருந்தால், நோய் ஆரம்பத்தில் இருந்தால் என்றார் வைத்தியர். எனக்கு அந்த வழி இல்லை. கருப்பையையும் சூலகங்களையும் (முட்டை உருவாகும் உறுப்புகள்) எடுக்க வேண்டும். பிறகு எப்போதாவது நோய் திரும்பி வந்தால், அப்போதும் ஹோர்மோன் மருந்து எனக்கு உதவும் என்று நம்ப முடியாது. அவர் இதைப் பூசி மெழுகாமல் சொன்னார். அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி உடையவளாக இருக்கிறேன்.

அன்று அவர் இன்னொன்றும் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று. எங்கள் உம்மா வயிற்றில் கட்டி வந்து மவுத்தானார் (இறந்தார்). அது என்ன கட்டி என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. சகோதரிகள் இருந்தால் கூட்டி வாருங்கள் என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்ததும் ராத்தாவிடம் சொன்னேன். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. "எனக்கென்ன, நான் நல்லாத்தான் ஈக்கிற. மொதல்ல ஒன்ட வேலயப் பாரு" என்றார். என் வேலையே தலைக்கு மேல் இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

சத்திரசிகிச்சை விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் புஷ்பராணி. ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவருக்கும் இதே நோய்தான். கருப்பையைத் தாண்டிப் போயிருந்தது. பகல் முழுக்க மழை பெய்த ஒரு நாளில், எத்தனை காலமாக இரத்தம் போனது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

"எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் சொன்னாங்க டீச்சர், நிக்கப் போற நேரத்துல அப்படித்தான் கொட்டும்னு. நானும் துணிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மலைக்குப் போயிட்டேன். ஒங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"எனக்கு யாரும் சொல்லல்ல. எனக்கே எல்லாம் தெரியும்."

அவர் சிரித்தார். வயிற்றுத் தையல் இழுக்க, கையை வைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த விடுதியில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அவருடைய கலங்களில் புரொஜெஸ்ரரோன் ஏற்பிகள் இருந்தன. அதனால் வீட்டுக்குப் போகும்போது குளிசை கொடுத்தார்கள், நான் நோன்புக்குப் போட்ட அதே வகை. அட்டையை என்னிடம் காட்டி, இதுதானா என்று கேட்டார். கிட்டத்தட்ட இதுதான் என்றேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. நோய் எங்கெல்லாமோ பரவிவிட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, இவருடைய உடம்புக்குள் மருந்துக்கு இடம் இருக்கிறதே என்று பொறாமைப்பட்டேன். சில மாதங்கள் அந்த மருந்து அவரைத் தாங்கியது. பிறகு ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தபோது மகன் எடுத்தான். "அம்மா போயிட்டாங்க டீச்சர். ஒங்கள கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றான்.

என் கருப்பையில் நோய் சுவரின் பாதியைத் தாண்டித் தசைக்குள் போயிருந்தது. அதனால் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அதைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. தோல் எரியும், வயிறு போகும், சோறு மணத்தாலே குமட்டும். சூலகங்கள் போனதால் மாதவிடாய் நிற்பது என்ற வருடக்கணக்கான காரியம் எனக்கு ஒரே பகலில் முடிந்துவிட்டது. கண்டிக் குளிரிலும் திடீரென்று கழுத்திலிருந்து தீ ஏறும். இவையெல்லாம் குறையும் என்றார்கள், குறைந்தன. குறையாதது வலது கால். இடுப்பிலிருந்து நிணநீர் முடிச்சுகளை (உடம்பின் திசுக்களில் ஊறும் நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்ததால் நீர் கட்டி, கால் வீங்கியே இருக்கிறது. முழங்கால் மடங்காது. நெற்றியை நிலத்தில் வைக்க என்னால் முடியாது. வரிசையின் ஓரத்தில் கதிரை போட்டு, அதில் இருந்தபடி தொழுகிறேன். தொழுவிப்பது இப்போது வேறொருவர்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தொழுகை இல்லாத அந்த நாட்களை நான் தேடுகிறேன். மாதத்தில் ஒரு கிழமை, பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) கேட்டாலும் எழும்பத் தேவையில்லை. வெயில் வந்த பிறகு எழும்பி, தேத்தண்ணீரோடு பின்வாசலில் தலையைக் காயவிட்டுக்கொண்டு இருப்பேன். யாரும் குறை சொல்ல முடியாது, அது இறைவன் தந்த லீவு. பதின்மூன்று வயதிலிருந்து என் மாதங்களுக்கு அப்படி ஓர் ஏற்ற இறக்கம் இருந்தது. நோன்பு மாதத்தில் அந்த நாட்களை அழிக்கத்தான் குளிசை விழுங்கினேன். இப்போது பன்னிரண்டு மாதத்திலும் அழிந்துவிட்டது. எல்லா நாளும் ஒரே நாள். என்னிடம் காலத்தைச் சொல்ல இருந்த ஒன்றை எடுத்துவிட்டு, கிளினிக் திகதிகளைத் தந்திருக்கிறார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு வந்த முதல் நோன்பில் பிடிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் அனுமதித்தார். குளிசை இல்லாமல், பயமில்லாமல், நாட்கள் வரிசையாகப் போயின. நான் ஆசைப்பட்டது இதற்குத்தானே என்று நினைத்தேன். சந்தோஷம் வரவில்லை.

நோன்பின் கடைசிப் பத்து நாட்கள் தொடங்கியிருந்தன. அஸர் முடிந்து பெண்கள் கஞ்சி காய்ச்சப் போய்விட்டார்கள். ராத்தா மட்டும் என் கதிரைக்குப் பக்கத்தில் விரிப்பை மடிக்காமல் இருந்தார். முகம் வெளிறியிருந்தது. நோன்புக் களைப்பு என்று நினைத்தேன்.

"நஸீரா, ஒன்ட அந்தக் குளிச மிச்சம் ஈக்கா?"

எத்தனை நாளாக இரத்தம் போகிறது என்று கேட்டேன். அவர் விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நோம்புக்கு முந்தி இருந்தே. அத நிப்பாட்டிக்கொண்டு இந்தப் பத்து நாளயும் முடிச்சிட்டாப் போதும்."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல ராத்தா? என்னைப் பாத்துக்கொண்டு தானே ஈந்த நீங்க?"

"பதினஞ்சு நாளுக்குப் பொறகு தொழுதுகொண்டுதான் ஈக்கிற. ஒரு வக்து தொழுகயும் விடல்ல." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீதானே படிச்சித் தந்த."

என்னிடம் பாடம் கேட்ட பிள்ளைகளின் பின்னால், சுவரில் சாய்ந்துகொண்டு, கையில் ஏதாவது தையலோடு ராத்தா இருப்பார். கேட்கிறாரா இல்லையா என்று நான் பார்த்ததே இல்லை. நன்றாகத்தான் கேட்டிருக்கிறார்.

அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், பாதி தீர்ந்த அட்டை ஒன்று இன்னும் இருந்தது.

"குளிச ஈக்கி ராத்தா. ஆனா தர மாட்டேன். நாளக்கிக் காலம்பொற ரெடியாகி இரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போற."

"நோம்போடயா?"

"நோம்போட."

மறுநாள் வெளிநோயாளர் நடையில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அந்த வாங்கு (பெஞ்சு) எனக்குப் பழகியது. எந்தக் கதவு யாருடையது, எந்தத் தாதி கடுகடுப்பார், எல்லாம் தெரியும். ராத்தா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிட்டார்கள். நான் எழும்ப முயன்றேன், கால் விடவில்லை. அவர் தனியாகவே உள்ளே போனார்.

இதை எழுதும்போது அவருடைய சதைத் துண்டு இன்னும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது. சாயமிடுவார்கள். என் கலங்களில் இல்லாதது அவருடைய கலங்களில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேளையும் கேட்கிறேன். அவ்வளவு தூரம் போகாமல், வெறும் தடிப்பு என்று வந்தாலும் நல்லதுதான்.

இந்தப் பெருநாளுக்குப் பிறகு பின்னேர வகுப்பு மறுபடி தொடங்கியது. அந்தப் பாடத்தை நான்தான் எடுத்தேன். பதினைந்து நாளுக்குப் பிறகு கழுவி, வுழூ செய்து, தொழ வேண்டும் என்று வழக்கம்போலச் சொன்னேன். தொழுதுவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும் என்றும் சொன்னேன். அது சட்டத்தில் எந்த இடத்தில் வருகிறது டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல பிள்ளை, எழுதிக்கொள்ளப் பேனையோடு காத்திருந்தாள். வீங்கிய காலை நீட்டி வைத்துக்கொண்டு, ராத்தா வழக்கமாகச் சாய்ந்திருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். ராத்தா அன்றைக்கு வரவில்லை, அங்கே யாரும் இல்லை.